உவர் நிலத்தில் மூன்று அளவைகள்

வகுப்பறைக்கு வெளியே பாடம் நடத்த வேண்டும் என்பவர்கள் சொல்லும் முதல் காரணம், மாணவர்கள் எதையும் நேரில் பார்க்க வேண்டும் என்பது. படித்துத் தெரிந்துகொள்வது கேள்வி ஞானம், கண்ணால் காண்பதுதான் அசல் அறிவு என்ற எண்ணம் இதற்கு அடியில் இருக்கிறது. அந்த எண்ணம் எவ்வளவு தூரம் தாங்கும் என்று சோதித்துப் பார்க்க வேதாரண்யம் உவர்ச் சதுப்பைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. அங்கே கண்ணுக்குத் தெரிவது குறைவு. தெரிவதிலும் பாதி ஏமாற்றும்.

வடக்கிலிருந்து தெற்கே இறங்கி வரும் சோழமண்டலக் கடற்கரை கோடியக்கரையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. அந்த முனையிலிருந்து பாக் நீரிணையை ஒட்டி, 40 கிலோமீட்டருக்கும் மேலாக மேற்கே நீண்டு கிடக்கிறது இந்தச் சதுப்பு. மணல் திட்டு ஒன்றுதான் அதைக் கடலிலிருந்து பிரிக்கிறது. காவிரியின் கடைசிக் கிளைகள் வந்து சேரும் இடமும் இதுவே. கிழக்கு முனையில் வெளிமான்களுக்காக 1967-இல் அமைக்கப்பட்ட சரணாலயம், மேற்கே முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடு, நடுவில் உப்பளங்கள். இவற்றையெல்லாம் உள்ளடக்கிய பரப்பு 2002-இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. வேதாரண்யம் ஊரில், தேவாரத்தில் திருமறைக்காடு என்று பாடப்பட்ட சிவன் கோயில். ஒரே நாளில் நடந்தும் வண்டியிலுமாகச் சுற்றி வந்துவிடக்கூடிய தொலைவுக்குள் உயிரியல், வேதியியல், விடுதலைப் போராட்ட வரலாறு, சமயம் நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. இங்கே நின்றுகொண்டு ஒருவர் ‘எனக்குத் தெரியும்’ என்று சொன்னால், அது எப்படித் தெரிந்தது என்பதே முதல் கேள்வியாகிறது.

இந்தக் கேள்விக்குத் தமிழில் நீண்ட மரபு உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் இயற்றிய சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார், இறைவனைப் பற்றிப் பேசத் தொடங்குமுன் அறிவின் வழிகளைப் பற்றிப் பேசுகிறது. அந்த வழிகளுக்கு அளவை என்று பெயர். அவற்றைப் பத்து வரை எண்ணியவர்கள் உண்டு. சித்தியார் அவற்றையெல்லாம் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றில் அடக்குகிறது. புலன்களால் நேரே அறிவது காட்சி. கண்டதைக் கொண்டு காணாததை ஊகிப்பது கருதல். நம்பத்தக்கவர் சொல்லால் அறிவது உரை. எல்லாச் சமயங்களும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. மணிமேகலையில் வரும் பௌத்த அறவண அடிகள் காட்சியும் கருதலும் போதும் என்கிறார். அதே காப்பியத்தில் வரும் பூதவாதி இன்னும் கடுமையானவர். கண்ணால் கண்டதற்கு அப்பால் எதையும் ஏற்கமாட்டார். ‘நேரில் பார்த்தால் போதும்’ என்று களப்பயணத்துக்கு வாதாடும் கல்வியாளர்கள் தங்களை அறியாமலே பூதவாதியின் கட்சியில் போய் நிற்கிறார்கள்.

சதுப்பில் காட்சி என்ன தருகிறது? மழைநீர் வடிந்து வற்றத் தொடங்கும் பிப்ரவரியில், அகத்தியம்பள்ளியைத் தாண்டிக் கோடியக்கரை போகும் சாலையோரம் நின்றால் தூரத்தில் ஒரு வெள்ளைப் பரப்பு தெரியும். அது தண்ணீரா, காய்ந்த சேறா, பூத்த உப்பா என்று சொல்வது கடினம். வெயில் ஏறியதும் அதற்கும் அப்பால் இன்னொரு ஏரி மின்னும், நெருங்கினால் விலகும். சித்தியார் உண்மையான காட்சியை ஐயம், திரிபு என்னும் இரண்டு குற்றங்களிலிருந்து பிரிக்கிறது. நிற்பது கட்டையா மனிதனா என்று தடுமாறுவது ஐயம்; கயிற்றைப் பாம்பென்றே கொள்வது திரிபு. உரையாசிரியர்களின் இந்த எடுத்துக்காட்டுகளை வகுப்பறையில் கேட்கும் மாணவருக்கு அவை பழங்கதை. உப்புவெளியில் நண்பகலில் நிற்பவருக்கு இரண்டும் கண்முன் நடக்கின்றன. அனுபவமுள்ள ஆசிரியர் முதலில் கானல் நீரைக் காட்டி, அதை நோட்டில் எழுதச் சொல்வார். கண் பொய் சொல்லும் என்பதைக் கண்ணாலேயே அறிந்தபின் மற்றவற்றைப் பார்ப்பது நல்லது.

அடுத்தது சேறு. சரணாலய எல்லைக்கு வெளியே, ஈரமான இடமாகப் பார்த்து ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டி ஒரு கட்டியை எடுத்தால் அதன் பக்கவாட்டில் அடுக்குகள் தெரியும். மேலே பல்லில் பட்டால் நறநறக்கும் வெள்ளைப் பொருக்கு. அதன்கீழ் தோல்போல் உரிந்து வரும் பச்சைப் படலம். பிறகு ஒரு விரற்கடை பழுப்பு. அதற்கும் கீழே மைக்கறுப்பு. உடைத்தால் அழுகிய முட்டை நாற்றம் மூக்கைத் துளைக்கும். பெரும்பாலான மாணவர்கள் இரண்டடி பின்வாங்குவார்கள். ஆனால் கட்டியைக் கீழே போடாமல் வைத்திருந்தால் இன்னொன்று நடக்கும்: காற்றுப் பட்ட கறுப்பு, பேசிக்கொண்டிருக்கும்போதே மெல்ல வெளிறத் தொடங்கும்.

காட்சி இத்தோடு முடிகிறது. நாற்றமும் நிறமும் எதையோ சொல்கின்றன, ஆனால் எதை என்று மூக்குக்கும் கண்ணுக்கும் தெரியாது. புகையைக் கண்டு மலையில் நெருப்பிருப்பதை அறிவது தருக்க நூல்களின் பழைய எடுத்துக்காட்டு. சேற்றின் நாற்றம் அதே வேலையைச் செய்கிறது. நீர் தேங்கிய சேற்றுக்குள் காற்று இறங்குவதில்லை. உயிர்வளி இல்லாத அந்த ஆழத்தில் வாழும் பாக்டீரியாக்கள் கடல்நீரில் நிறைந்திருக்கும் சல்பேட்டைக் கொண்டு மட்கிய பொருளைச் சிதைக்கின்றன. அப்போது வெளிவரும் ஹைட்ரஜன் சல்பைடுதான் நாற்றம். அது இரும்போடு சேர்ந்தால் கறுப்பு. அந்தக் கறுப்பு காற்றோடு சேர்ந்தால் மறுபடி பழுப்பு. தஞ்சை, நாகை மாவட்டப் பிள்ளைகளுக்கு வயல் சேற்றின் வாசம் பழக்கம். அதுவும் நீர் தேங்கிய சேறுதானே, அது ஏன் இப்படி நாறுவதில்லை என்று ஒரு மாணவராவது கேட்பார். வயலில் கடல்நீர் இல்லை, சல்பேட்டும் குறைவு. அங்கே வேறு நுண்ணுயிரிகள் மீத்தேனை உண்டாக்குகின்றன, அதற்கு வாசமில்லை. இந்தப் பதிலுக்கு வந்து சேர்ந்த மாணவர் ஒரு பாக்டீரியாவையும் பார்த்திருக்க மாட்டார். பூதவாதியிடம் இதற்கு மறுமொழி கிடையாது.

செடிகளிலும் இதே கதைதான். சதுப்பின் தாழ்ந்த விளிம்பில் சிவப்பேறிய உமரி தரையோடு படர்ந்திருக்கிறது. அதன் சின்னஞ்சிறு சதைப்பற்றான இலையை மென்றால் உப்புக் கரிக்கும். உறிஞ்சிய உப்பை நீர் நிறைந்த திசுக்களில் நீர்க்கவைத்து வாழ்கிறது அது. முத்துப்பேட்டைப் பக்கத்து வெண்கண்டல் வேறு வழி கண்டிருக்கிறது: இலையின் சுரப்பிகள் வழியே உப்பை வெளியே தள்ளிவிடுகிறது, வெயிலில் இலைமேல் படிகம் தெரியும். தரை சில விரற்கடை உயர்ந்தால் செடி மாறிவிடும். வெறுமனே பார்ப்பவருக்குப் புதர்கள். கருதுபவருக்கு நிலத்தின் மட்டத்தைக் காட்டும் வரைபடம்.

உப்பளத்துக்குள் நுழைந்தால் வேதியியல் கைக்கு வருகிறது. கடல்நீர் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்புகளோடு பாத்திக்கு வந்து, வெயிலிலும் காற்றிலும் அடர்ந்துகொண்டே போகிறது. அடர்த்தியை டிகிரிக் கணக்கில் ஒரு மிதவைக் கருவியால் பார்க்கிறார்கள். கடல்நீர் 3 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். வழியில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படிந்துவிடும். 25 டிகிரியைத் தாண்டும்போது நாம் சாப்பிடும் உப்பு படிகமாகிறது. 29, 30-ஐ நெருங்கும் நீரை வெளியேற்றிவிட வேண்டும். விட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசக்கும். நெடுநாள் பாத்தியில் நின்றவருக்குக் கருவி இல்லாமலே நீரின் நிறமும் காலில் படும் பிசுபிசுப்பும் கணக்கைச் சொல்லிவிடும். அடர்ந்த பாத்திகள் இளஞ்சிவப்பாக மாறுவது உப்பைத் தாங்கும் நுண்பாசிகளாலும் நுண்ணுயிரிகளாலும். அவற்றிலுள்ள கரோட்டினாய்டு நிறமிகள் சிற்றிறால் போன்ற இரைகளின் வழியே போய்ச் சேர்வதால்தான், தலைகீழாக அலகைக் கவிழ்த்து நீரை வடிகட்டி உண்ணும் பூநாரையின் இறகும் சிவக்கிறது.

பறவைகளைப் பற்றி ஒன்றுதான் இங்கே முக்கியம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாகக் கோடியக்கரையில் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு விடுகிறார்கள். வளையத்தில் ஓர் எண்ணும், கண்டவர் கழகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற வாசகமும் இருக்கும். கையில் அடங்கும் சின்னஞ்சிறு உள்ளான் ஒன்று ஆர்க்டிக் வட்டத்துச் சைபீரியாவில் முட்டையிட்டுவிட்டு இங்கே வருகிறது என்பதைக் கோடியக்கரையில் நின்று எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் காண முடியாது. எங்கோ ஒருவர் எண்ணைப் படித்துக் கடிதம் போட்டார், இன்னொருவர் பதிவேட்டைப் புரட்டினார். வலசை பற்றிய நம் அறிவில் பெரும்பகுதி இப்படி முன்பின் அறியாதவர்கள் ஒருவர் சொல்லை ஒருவர் நம்பியதால் கிடைத்தது. அறிவியலுக்குள்ளேயே உரையளவை இவ்வளவு வேலை செய்கிறது.

வரலாற்றுக்கு வரும்போது உரையைத் தவிர வேறு வழியே இல்லை. 1930 ஏப்ரல் 13 அன்று, தமிழ்ப் புத்தாண்டு நாளில், உப்புச் சட்டத்தை மீறுவதற்காக ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து புறப்பட்டு ஏறக்குறைய 240 கிலோமீட்டர் நடந்து 28-ஆம் தேதி வேதாரண்யம் வந்தார். நடைப்பயணிகளுக்குச் சோறு போட்டாலோ இடம் கொடுத்தாலோ தண்டனை என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டதாகச் சொல்கிறார்கள். வேதாரண்யத்தில் வேதரத்தினம் பிள்ளை எல்லா ஏற்பாடும் செய்தார். 30-ஆம் தேதி அகத்தியம்பள்ளியில் உப்பள்ளிய ராஜாஜி கைதானார். பாதி சவரத்தில் தன்முன் உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் கத்தியைக் கீழே வைத்து, மீதியைச் செய்ய மறுத்துச் சிறைக்குப் போன சவரத் தொழிலாளி வைரப்பனையும் ஊர் மறக்கவில்லை.

இதில் எதுவும் அகத்தியம்பள்ளியில் கண்ணுக்குத் தெரியாது. ஒரு நினைவுத்தூண் நிற்கிறது, சுற்றிலும் பாத்திகள். ஆனாலும் அந்த இடத்தில் நின்று கேட்பதற்கும் வகுப்பில் கேட்பதற்கும் வேறுபாடு உண்டு. வகுப்பறையில் சொல்லப்படும் உரையோடு மல்லுக்கட்ட மாணவரிடம் ஆயுதம் இல்லை, களத்தில் இருக்கிறது. உப்புச் சட்டம் ஏன் அநீதியாகப்பட்டது என்பதைப் பாடநூல் வரியின் சுமையாக விளக்கும். சதுப்பில் நிற்கும் மாணவரின் காலடியில் யாரும் பாத்தி கட்டாமல், யாரும் நீர் பாய்ச்சாமல், கோடை வெயிலில் தானாகவே உப்புப் பூத்திருக்கிறது. குனிந்து ஒரு பிடி அள்ளுவது குற்றமாக இருந்த காலம் ஒன்று உண்டு என்பதை அங்கே விளக்கத் தேவையில்லை. தண்டியில் காந்தி வருமுன் அதிகாரிகள் இயற்கையாகப் படிந்த உப்பைச் சேற்றோடு கலக்கிவிட்டார்கள் என்ற செய்தியும் அப்போதுதான் பொருள்படும். ராஜாஜி ஏன் இந்தக் கடற்கரைக்கு வந்தார் என்ற கேள்விக்கு ஆட்களும் அமைப்பும் ஒரு பாதி விடை. ஜனவரியிலிருந்து செப்டம்பர்வரை நீளும் வறட்சியும், நீர் நிற்கும் தட்டை நிலமும், ஓயாத காற்றும் இன்னொரு பாதி. உரையைக் காட்சி இப்படித் தாங்குகிறது. சில சமயம் இடிக்கவும் செய்யும்: உப்பை மக்களுக்கு விடுவித்த இடம் என்று தூணருகே கேட்ட மாணவர், அடுத்த பாத்தியில் கண் கூசும் வெண்மையில் வெறுங்காலோடு உப்பு வாரும் தொழிலாளியைப் பார்க்கிறார். யாருக்கு விடுதலை என்ற கேள்வியை ஆசிரியர் எழுப்ப வேண்டியதில்லை.

கோயில் வாசலில் உரையின் சிக்கல் வேறு வகைப்படுகிறது. வேதங்கள் வழிபட்டு அடைத்துச் சென்ற கதவு அப்பர் பதிகம் பாடத் திறந்தது, சம்பந்தர் பாட மூடியது என்பது பெரியபுராணம் சொல்லும் செய்தி. நெய்யுண்ண வந்த எலி தற்செயலாகத் தீண்ட, அணையப்போன விளக்கு சுடர்விட்டது. அந்தப் பயனால் எலி மாவலிச் சக்கரவர்த்தியாகப் பிறந்தது என்பது அதே தலத்தின் இன்னொரு கதை. களப்பயணத்தில் இவற்றை என்ன செய்வது? ஒரு சாரார் கதைக்குள் அறிவியலைத் தேடி எடுத்து, அன்றே தெரிந்திருந்தது என்று பெருமைப்படுகிறார்கள். இன்னொரு சாரார் சிரித்துவிட்டு நகர்கிறார்கள். இருவரும் கதவுக் கதையைச் சேற்றுக் கட்டியோடு ஒரே தராசில் நிறுக்கிறார்கள். சித்தாந்தம் இந்தத் தவற்றைச் செய்வதில்லை. காட்சிக்கும் கருதலுக்கும் எட்டாதவற்றைச் சொல்வதே ஆகம உரையின் வேலை என்பது அதன் நிலை. எட்டுபவற்றுக்கு அவையே போதும். இதை ஏற்காத ஆசிரியரும்கூட, எந்த வாக்கியத்தை எந்த அளவையால் சோதிக்கலாம் என்ற பாகுபாட்டைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். எலிக் கதை விலங்கியல் பேசவில்லை. எண்ணாமல் செய்த நன்மைக்குப் பயன் உண்டா, அது மனிதரல்லாத உயிருக்கும் சேருமா என்று கேட்கிறது.

சமய உரை நிலத்தைப் பற்றிய சான்றாகவும் பயன்படுவதுண்டு. கோடியக்கரைக் குழகர் கோயிலைப் பாடிய சுந்தரர், கடற்காற்று வீசும் இந்தத் தனிமையில் துணையின்றி ஏன் இருக்கிறாய் என்று இறைவனிடமே வருந்திக் கேட்கிறார். பக்தி ஒருபுறம் இருக்க, அக்காலத்தில் அந்த முனை ஆளரவமற்றுக் கிடந்தது என்று கருதிக்கொள்ள அது இடம் தருகிறது.

எலிக் கதை எழுப்பிய கேள்வி சதுப்பில் நடைமுறைச் சிக்கலாகவே நிற்கிறது. தூத்துக்குடிக்கு அடுத்து மாநிலத்தின் பெரிய உப்பு உற்பத்தி இங்கேதான். குடும்பங்கள் பல அதை நம்பியிருக்கின்றன. அடர்த்தி குறைந்த பாத்திகளும் நீர்த்தேக்கங்களும் பறவைகளுக்கு இரை தருகின்றன. அடர்ந்தவற்றில் பெரும்பாலான பறவைகளுக்கு எதுவும் இல்லை. பாத்தி பெருகப் பெருக மழைநீர் பரவி வடியும் பழைய வழிகள் மாறுகின்றன. மேட்டூர் அணை 1934-இல் முடிந்தபின் காவிரியின் கடைமடைக்கு வரும் நன்னீரும் வண்டலும் முன்போல் இல்லை. முன்பு வந்த அளவுக்கு இன்று நீர்ப்பறவைகள் வருவதில்லை என்கிறார்கள் அவற்றைக் கணக்கெடுப்பவர்கள். இந்த நிலம் யாருக்கானது?

அமெரிக்க வனவியலாளர் ஆல்டோ லியோபோல்டு 1949-இல் வெளியான நூலில் முன்வைத்த நில அறம், மண்ணும் நீரும் செடியும் விலங்கும் மனிதரும் ஒரே சமுதாயத்தின் உறுப்பினர் என்றது. அதன்படி சேற்றுக்கே ஓர் உரிமை உண்டு. சைவ சித்தாந்தம் அவ்வாறு சொல்லாது. அதற்குச் சேறும் நீரும் உப்பும் சடம். மாயையிலிருந்து வந்த உலகம், உடலும் கருவிகளும் நுகர்பொருளும்போல, உயிர்கள் பக்குவப்படத் தரப்பட்ட சாதனம். முதல் பார்வைக்கு இது மனிதனுக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடுவதுபோல் தோன்றும். ஆனால் அங்கே உயிர் என்பது மனிதரோடு நிற்பதில்லை. எழுவகைப் பிறப்பில் பறவையும் நீர்வாழ்வனவும் ஊர்வனவும் விலங்கும் உண்டு, தாவரமும் உண்டு. அப்படியானால் இந்தச் சேறு உப்புத் தொழிலாளிக்குக் கொடுக்கப்பட்ட அளவுக்கு உள்ளானுக்கும் நண்டுக்கும் உமரிக்கும் கொடுக்கப்பட்டது. (கறுப்புச் சேற்றில் வேலை பார்க்கும் பாக்டீரியாவை எந்தப் பிறப்பில் வைப்பது என்று சித்தாந்திகள் யோசித்திருக்க வாய்ப்பில்லை, அது இன்றைய வகுப்புக்கான கேள்வி.) லியோபோல்டின் வழியில் சதுப்பு தனக்காகவே காக்கப்பட வேண்டியது. சித்தாந்த வழியில் அது பொதுச்சொத்து, பங்காளிகள் பலர். தகராறு வரும்போது இரண்டாவது வழி ஒரு வசதியைத் தருகிறது: உப்பு வாருபவரின் பசியையும் பறவையின் பசியையும் ஒரே சொல்லால் பேச முடிகிறது. அதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. எந்த உயிரும் பயன்படுத்தாத வெற்று உவர்வெளி ஒன்று இருந்தால் அதை ஏன் காக்க வேண்டும் என்பதற்கு அதனிடம் எளிய விடை இல்லை. சேற்றைப் பிளந்து பார்த்த மாணவர்கள் அப்படியொரு வெற்றுவெளி உண்மையில் இருக்க முடியுமா என்றே திருப்பிக் கேட்கக்கூடும். அங்கே தத்துவம் மறுபடி காட்சியிடம் வந்து நிற்கிறது.

நடைமுறையில் இத்தகைய பாடத்துக்குச் சில நிபந்தனைகள் உண்டு. சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதி வேண்டும். செடி, சேறு எதையும் அங்கிருந்து எடுக்கக் கூடாது. காலை வெயில் ஏறுமுன் பறவைகள், நண்பகலில் கானல், மாலையில் கோயில் என்ற வரிசை வசதியானது. உப்பளத்தில் ஆசிரியர் பேசுவதைக் குறைத்துக்கொண்டு அங்கே வேலை செய்பவரைப் பேசவிடுவது நல்லது. பொருளை அறிந்தவரும் பொய் சொல்லக் காரணமில்லாதவரும் சொல்வதே உரை என்ற இலக்கணத்துக்கு அவர் ஆசிரியரைவிடப் பொருத்தமானவர். அவர் வேலையை நிறுத்திப் பேசும் நேரத்துக்குக் கூலி இழப்பு உண்டு என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். மாணவரின் நோட்டில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே கண்டதா, கருதியதா, கேட்டதா என்று குறிக்கச் சொல்லலாம். 2018 நவம்பரில் கஜா புயல் உப்பளங்களைச் சேற்றால் மூடியது என்ற வரியைச் சிலர் கேட்டது என்பார்கள், அவ்வூர்ப் பிள்ளைகள் கண்டது என்பார்கள், கோடியக்காட்டில் சாய்ந்து கிடக்கும் மரங்களைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் கருதியது என்று எழுதக்கூடும்.

ஒருமுறை போய்வருவது போதாது. பாக் நீரிணையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆறு மணி நேரம் காத்திருந்தால் சதுப்பு நிரம்பி வடிவதைப் பார்க்கலாம் என்பது வேறு கடற்கரைகளுக்குத்தான் பொருந்தும். இங்கே நீரை நகர்த்துவது காற்றும் பருவமும். ஜனவரியில் முழங்கால் நீரில் பறவைகளைப் பார்த்த அதே இடத்தில் ஜூனில் உப்பின்மேல் நடக்கலாம். இரண்டு மாதங்களிலும் ஒரே மாணவர்கள் ஒரே நோட்டோடு வந்தால்தான், முதல் வருகையில் கருதியது என்று குறித்தவற்றுள் எத்தனை கண்டது ஆயின, எத்தனை பொய்த்தன என்று திருத்த முடியும்.